கர்ப்பிணிக்குச் சீனி கூடினால் வீட்டிலுள்ள நாட்டு மருந்தை என்ன செய்வது?

கர்ப்பிணி ஒருத்திக்கு இரத்தத்தில் சீனி கூடியிருக்கிறது என்று சுகாதார நிலையத்தில் சொல்லியனுப்பினால், அன்று பொழுது சாய்வதற்குள் வீட்டில் யாராவது ஒருவர் ஒரு பொட்டலத்தோடு வந்துவிடுகிறார். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய நாவல்கொட்டைப் பொடியாக அது இருக்கலாம்; வேலியோரத்தில் பறித்த ஆவாரம்பூவாக இருக்கலாம்; சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ உறவினர் அனுப்பிய, முழுக்க மூலிகை என்று எழுதிய மாத்திரைப் புட்டியாகவும் இருக்கலாம். கொண்டுவருபவர் பெரும்பாலும் மாமியாரோ தாயாரோதான். அவர்களுடைய அக்கறையில் குறை காண எதுவும் இல்லை. கிராம சுகாதார செவிலியராக ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பல ஆண்டுகள் வீடு வீடாகப் போய்வந்த எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று. அடுத்த பரிசோதனைக்கு வரும்போது அந்தப் பெண் பொட்டலத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. திட்டு விழும் என்று அவள் பயப்படுகிறாள். கூட்ட நெரிசலில் நாங்களும் கேட்காமல் விட்டுவிடுகிறோம். அவள் என்ன குடிக்கிறாள் என்பது தெரியாமலேயே அவளுக்கு மாத்திரையும் ஊசியும் எழுதப்படுகின்றன. எதைச் சமையலில் வைத்துக்கொள்ளலாம், எதை இன்றே நிறுத்த வேண்டும், நிறுத்தியதை யாரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை அந்தப் பெண்ணுக்கும் அவளுடைய வீட்டாருக்கும் விளக்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் சோதனையை ஒழுங்காகச் செய்துகொள்ளுங்கள்

நம் நாட்டு அரசு நெறிமுறைப்படி, கர்ப்பம் உறுதியாகி முதன்முதலில் பதிவு செய்ய வரும்போது ஒரு முறையும், 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு முறையும் சர்க்கரைச் சோதனை செய்யப்படுகிறது. 75 கிராம் குளுக்கோஸ் பொடியை ஏறக்குறைய 300 மில்லி தண்ணீரில் கரைத்து, ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் இரத்தத்தில் சர்க்கரை 100 மில்லிக்கு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு என்று கொள்கிறார்கள். இதற்கு வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. பாம்பனிலிருந்தோ தொண்டியிலிருந்தோ காலையில் பேருந்து பிடித்து வரும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதை நேரில் பார்த்தவர்கள் அறிவார்கள். இந்த எளிய முறையை நாடெங்கும் கொண்டுசேர்க்கப் பாடுபட்ட சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் பிறந்த நாளான மார்ச் 10, கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும். அரை மணி கடந்து எடுத்தால் சோதனையைத் தொடரலாம்.

சோதனையில் நல்ல எண் வர வேண்டும் என்பதற்காக மூன்று நாள் முன்பிருந்தே பாகற்சாறும் வெந்தயத் தண்ணீரும் குடித்துவிட்டு வரும் பெண்களை நான் கண்டிருக்கிறேன். வெந்தயத்தின் கொழகொழப்பான நார், குளுக்கோஸ் இரத்தத்தில் சேரும் வேகத்தைத் தணிக்கும்; அதனால் அன்றைய எண் குறைந்து காட்டலாம். ஆனால் மறுநாள் முதல் வழக்கம்போல் சோறும் இட்லியும் சாப்பிடும்போது ஏறும் சர்க்கரை குழந்தைக்கும் போகும். நோய் இருப்பதோ யாருக்கும் தெரியாது. சோதனை நாளில் எந்த மூலிகையும் வேண்டாம்.

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கணக்கு ஏன் மாறுகிறது

தாயின் இரத்தத்தில் கூடும் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாக அப்படியே குழந்தையைச் சென்றடைகிறது. அதைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் அதிகமாக இன்சுலின் சுரக்கிறது. அதனால் குழந்தை அளவுக்கு மீறிப் பருக்கிறது, பனிக்குட நீர் கூடுகிறது, பிறந்தவுடன் குழந்தைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடுகிறது. ஆகவே சர்க்கரையைக் குறைத்தே ஆக வேண்டும். அதை எதைக் கொண்டு குறைப்பது என்பதில்தான் கவனம் தேவை. ஊசியாகப் போடும் இன்சுலின் பெரிய மூலக்கூறு என்பதால் நஞ்சுக்கொடியைத் தாண்டி ஏறக்குறைய குழந்தைக்குப் போவதே இல்லை. இலையிலும் பட்டையிலும் உள்ள பல வேதிப்பொருள்களோ மிகச் சிறியவை. தாய் குடிக்கும் கஷாயத்தில் குழந்தைக்கும் பங்கு போகிறது. முதல் எட்டு வாரங்களில், அதாவது நாள் தள்ளியிருப்பது இப்போதுதான் உறுதியாகிறது என்னும் நேரத்தில், குழந்தையின் இதயமும் முதுகெலும்பும் மூளையும் உருவாகிக்கொண்டிருக்கின்றன.

"எங்க காலத்துல இதெல்லாம் குடிச்சுத்தானே புள்ள பெத்தோம்" என்று மூத்தவர்கள் சொல்வதை நான் மரியாதையோடு கேட்டிருக்கிறேன். ஆனால் அதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். அந்தக் காலத்தில் முழுகாமல் இருந்தவளுக்குச் சர்க்கரை அளந்து பார்க்கும் வழக்கமே இல்லை. சிறுகுறிஞ்சானும் நாவல்கொட்டையும் வயது முதிர்ந்த நீரிழிவுக்காரர்களுக்குக் கொடுக்கப்பட்டவை. சித்த மருத்துவத்திலும் கர்ப்பிணிக்கு மாதவாரியாகச் சொல்லப்பட்ட மருந்துகள் தனி, மதுமேகம் எனப்படும் நீரிழிவுக்கான மருந்துகள் தனி. பாட்டி குடித்தது பெரும்பாலும் சீரகக் கஷாயம். இன்று கர்ப்பிணியின் கையில் கொடுக்கப்படும் சர்க்கரைப் பொடிக்குப் பரம்பரை அனுபவம் சாட்சி சொல்வதில்லை.

சமையலில் இருப்பதும் மருந்தாக மாறியதும்

நான் வீடுகளில் சொல்லிவந்த வழி எளிது. ஒரு பொருள் குழம்பிலோ பொரியலிலோ கஞ்சியிலோ வழக்கமான அளவில் சேர்ந்தால் அது உணவு. அதையே பொடித்தோ பிழிந்தோ காய்ச்சி வற்றவைத்தோ, சர்க்கரையைக் குறைக்க வேண்டும் என்னும் நோக்கத்தோடு தினமும் குடித்தால் அது மருந்து. உணவாக வழக்கமாகச் சாப்பிடுவதைத் தொடரலாம். மருந்தாக மாறியதைக் கர்ப்பம் தெரிந்த அன்றே நிறுத்த வேண்டும்.

வெந்தயத்தைப் பாருங்கள். மீன் குழம்பில் தாளிப்பதும், தோசை மாவில் ஒரு சிட்டிகை அரைப்பதும், கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து நோன்புக் கஞ்சியில் சேர்வதும் கவலைக்குரிய அளவல்ல. காலையும் மாலையும் ஒரு கரண்டிப் பொடியை மோரில் கலந்து குடிப்பது வேறு. அந்த அளவு கருப்பையைச் சுருங்கத் தூண்டலாம் என்பதோடு, இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரையை எதிர்பாராமல் தாழ்த்தவும் கூடும். வேர்க்கடலையோ கொண்டைக்கடலையோ ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வெந்தயமும் ஒவ்வாமை தரலாம். பிரசவம் நெருங்கும் நாள்களில் தாய் நிறைய வெந்தயம் சாப்பிட்டிருந்தால் பிறந்த குழந்தையின் சிறுநீரில் சர்க்கரைப்பாகு போன்ற வாடை வரும். அதே வாடை தரும் அரிய பிறவிநோய் ஒன்று உண்டு. விஷயம் தெரியாத மருத்துவர்கள் குழந்தைக்கு அந்த நோயோ என்று சந்தேகித்துச் சோதனைகள் செய்ய நேர்ந்திருக்கிறது. தாய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பச்சைப்பிள்ளைக்கு அந்தக் குத்தல்கள் தேவைப்பட்டிருக்காது.

பாகற்காயும் அப்படித்தான். எப்போதாவது பொரியலாக, விதை நீக்கிச் சாப்பிடுவது வேறு; பிழிந்த சாறு, காயவைத்த பொடி, விதை ஆகியவை வேறு. பாகல் விதையிலுள்ள சில புரதங்கள் சுண்டெலிகளில் கருவைக் கலைத்திருக்கின்றன. அந்த விதையிலுள்ள இன்னொரு பொருள், பிறவியிலேயே ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியது.

தொடவே கூடாதவை

கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் இடையில் மணல்மேட்டிலும் சுடுகாட்டு ஓரத்திலும் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கிறதே நித்தியகல்யாணி, அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆடும் கடிக்காத அந்தச் செடியின் பூவையும் இலையையும் கொதிக்கவைத்துச் சீனிக்குக் குடிக்கும் பழக்கம் நம் ஊரிலும் உண்டு, கடல் கடந்த ஜமைக்காவிலும் உண்டு. 1950களில் கனடாவில் ஆய்வாளர்கள் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அந்தச் செடி சர்க்கரையைக் குறைக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார்கள். சோதனை எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை. இரத்த வெள்ளணுக்கள்தான் சரிந்தன. ஏனென்று தேடியபோது கிடைத்தது வின்பிளாஸ்டின். அதுவும் அதே செடியிலிருந்து வந்த வின்கிறிஸ்டினும் இன்றும் புற்றுநோய்க்குப் பயன்படும் மருந்துகள். வேகமாகப் பிரியும் அணுக்களைப் பிரியவிடாமல் தடுப்பதே அவற்றின் வேலை. கருவில் வளரும் குழந்தை முழுவதுமே வேகமாகப் பிரியும் அணுக்களால் ஆனது. இதை அறிந்த பிறகு அந்தச் செடியிலிருந்து ஒரு பூவைக்கூடக் கர்ப்பிணியின் குவளையில் போட யாருக்கும் மனம் வராது.

வேப்பங்கொழுந்தும் வேப்பெண்ணெயும் அடுத்தவை. 1996இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், வேப்பங்கொட்டைச் சாற்றை வாய்வழியாகக் கொடுத்தபோது குரங்குகளின் தொடக்க நிலைக் கரு கலைந்தது. வேம்பைக் கருத்தடைப் பொருளாக்கவே நெடுநாள் முயற்சி நடந்திருக்கிறது. வாசலில் கட்டும் வேப்பிலையால் கேடில்லை, உள்ளே போவதுதான் கூடாது. சோற்றுக்கற்றாழையின் மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் கடுமையான பேதியை உண்டாக்கும். வீட்டில் எவ்வளவு கழுவினாலும் அது முழுதாக நீங்கியதா என்று உறுதி சொல்ல முடியாது. கடலழிஞ்சில் பட்டை பலருக்குப் பெயரளவில் தெரியாது, ஆனால் ஆவாரைக் குடிநீர் என்னும் சித்தக் கூட்டுமருந்தில் அது சேர்கிறது. அதே இனச் செடியின் வேர்ச்சாற்றைச் சினை எலிகளுக்குக் கொடுத்து இலங்கையில் செய்த ஆய்வு 2003இல் வெளியானது. கருக்கள் அழிந்தன, பிறந்த குட்டிகள் எடை குறைந்திருந்தன.

ஆவாரையைப் பற்றிப் பேசும்போது எனக்கே சற்றுத் தயக்கம் வரும். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் செம்மண்ணிலும் உவர்மண்ணிலும் யாரும் நீரூற்றாமல் தழைப்பது அது. ஆனாலும் அதன் இலையில் ஈரலைக் கெடுக்கக்கூடிய வேதிப்பொருள் இருப்பதாக 1981இல் இலங்கை ஆய்வாளர்கள் எழுதினார்கள். பூவுக்கு அதே கெடுதல் உண்டென்று நான் சொல்லவில்லை. கர்ப்பிணிகளுக்குக் கொடுத்து அது கேடற்றது என்று காட்டிய சான்று இல்லாதவரை, ஆவாரம்பூத் தேநீரைப் பிள்ளை பிறக்கும்வரை தள்ளிவைப்பதே சரி. சிறுகுறிஞ்சான், நாவல்கொட்டை, இன்சுலின் செடி, கரண்டிக் கணக்கில் கருஞ்சீரகம், இலவங்கப்பட்டைப் பொடி ஆகியவற்றுக்கும் இதையே சொல்வேன். சீந்தில் கொடியை மருந்தாகச் சாப்பிட்டவர்களுக்கு ஈரல் அழற்சி கண்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்திருக்கிறார்கள், அதுவும் வேண்டாம்.

நம் கரைக்கே உரிய ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் மூச்சடக்கி எடுத்துவரும் பாசிகளில் கஞ்சிப்பாசி உணவாகக் காலங்காலமாகப் புழங்குகிறது. கட்டக்கோரை, பக்கோடாப்பாசி போன்ற பழுப்புப் பாசிகளைப் பொடித்துச் சீனிக்கு நல்லது என்று யாராவது கொடுத்தால் கர்ப்பிணி அதை வாங்கக் கூடாது. அவற்றில் அயோடின் மிகுதி. அளவு மீறினால் குழந்தையின் தைராய்டு சுரப்பி பாதிக்கப்படும். கடல்நீரிலுள்ள ஆர்செனிக் என்னும் நச்சுப்பொருளையும் அவை உள்வாங்கி வைத்திருக்கும்.

கடைப் பொடியும் மாத்திரைப் புட்டியும்

செடி எதுவென்று தெரிந்தால் ஆராய முடியும். பொடியாக வந்துவிட்டால் உள்ளே இருப்பது செடிதானா என்பதே கேள்வியாகிவிடுகிறது. நியூயார்க் நகரில் 2011, 2012ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் செய்யப்பட்ட ஆயுர்வேத மருந்துகளை உட்கொண்ட ஆறு கர்ப்பிணிகளுக்கு இரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2008இல் சிங்கப்பூரில் மூலிகை என்ற பெயரில் விற்ற மாத்திரைகளைத் தின்ற நீரிழிவில்லாத பலர், சர்க்கரை தாழ்ந்து மயங்கி மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சிலர் இறந்தும் போனார்கள். உள்ளே சர்க்கரையைக் குறைக்கும் கிளிபென்கிளமைடு என்னும் ஆங்கில மருந்து கலந்திருந்தது. "மூலிகைதான், ஒரு வாரத்தில் சீனி இறங்கிவிட்டது" என்று யாராவது வியந்து சொன்னால் எனக்கு முதலில் வருவது இந்தச் சந்தேகம்தான்.

புட்டியில் தயாரிப்பு உரிம எண், சேர்மானப் பட்டியல், தயாரித்த தேதி ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இவை இல்லாவிட்டால் கர்ப்பிணி மட்டுமல்ல, வீட்டில் யாருமே அதைச் சாப்பிட வேண்டாம். நீரிழிவை அடியோடு குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அப்படி எழுதியிருக்கும் சீட்டு உங்களை எச்சரிக்கும் சீட்டு.

நிறுத்துவதும் சொல்வதும்

மூலிகையை நிறுத்திவிட்டுச் சொல்லாமல் இருப்பதும் ஆபத்துதான். மூலிகை குடித்துக்கொண்டிருந்தபோது எடுத்த சர்க்கரை எண்ணை வைத்து இன்சுலின் அளவு முடிவாகியிருந்தால், மூலிகை நின்றதும் சர்க்கரை ஏறும். ஆகவே நிறுத்திய நாளையே குறித்துக்கொண்டு, இரண்டொரு நாளில் சுகாதார நிலையம் சென்று சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். பொட்டலத்தைத் தூக்கி எறியாமல் கையோடு கொண்டுபோங்கள். செடியாக இருந்தால் ஒரு கிளையையோ கைபேசியில் எடுத்த படத்தையோ காட்டுங்கள். எந்த மாதத்திலிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை முறை, எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் நெரிசலான நாளிலும் விட்டுப்போகாது. "அக்கா, வீட்டுல இதைக் கொடுத்தாங்க, குடிச்சேன், பாத்துச் சொல்லுங்க" என்று சொன்னால் போதும். தாய் சேய் நல அட்டையில் அதை எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பிரசவ நேரத்தில் வேறு மருத்துவமனைக்குப் போனாலும் அந்த வரி உங்களுக்காகப் பேசும். சித்தப் பிரிவு உள்ள சுகாதார நிலையமானால், அங்குள்ள சித்த மருத்துவரிடமும் கர்ப்பத்தைச் சொல்லிவிட்டே பேசுங்கள்.

தெரியாமல் சில வாரம் குடித்துவிட்டவர்கள் பதற வேண்டாம். குடித்தால் குழந்தைக்குக் குறை நிச்சயம் என்று பொருளில்லை. அதற்காகக் கருவைக் கலைக்கச் சொல்லும் யாருடைய பேச்சையும் கேட்காதீர்கள். மருத்துவரிடம் சொல்லி, 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனைத் தவறவிடாமல் எடுங்கள்.

மூலிகை நின்ற இடத்தில் எது வர வேண்டும்

கர்ப்பகால நீரிழிவு உள்ள பெண்களில் பலருக்கு உணவு மாற்றமும் நடையுமே போதுமானதாக இருக்கிறது. இரண்டு வாரம் அப்படி இருந்து பார்த்த பிறகு, சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை 120க்குக் கீழ் இருந்தால் அதையே தொடரச் சொல்வார்கள். தாண்டினால் மருத்துவர் இன்சுலினோ, 20 வாரம் கடந்தவர்களுக்கு மெட்ஃபார்மினோ எழுதுவார். மெட்ஃபார்மினே ஒரு மூலிகையின் வழித்தோன்றல்தான்: ஐரோப்பாவில் நீரிழிவுக்குப் பயன்பட்ட கலேகா என்னும் செடியின் வேதிப்பொருளிலிருந்து பிறந்தது. அளவு வரையறுத்து, கர்ப்பிணிகளிடம் பல ஆண்டுகள் கவனித்த பிறகே அது மருத்துவர் கைக்கு வந்தது.

நம் வட்டாரத்தில் கருப்பட்டியைச் சீனிக்கு மாற்று என்று நம்புகிறார்கள். பனையின் மேல் எனக்கும் பாசம் உண்டு, ஆனால் கருப்பட்டியின் பெரும்பகுதி சீனியிலுள்ள அதே சுக்ரோஸ்தான், பதநீரிலும் அதுவே. கருப்பட்டிக் காப்பி குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தை முருங்கைக்கீரை, அவரை, கத்தரி, பருப்பு ஆகியவற்றால் நிரப்புங்கள். சூடை, நெத்திலி, காரல் போன்ற சிறு மீன்களைக் குழம்பாகவோ அவித்தோ தாராளமாகச் சாப்பிடலாம். பாதரசம் சேர்ந்திருக்கும் சுறாவைப் பிரசவம்வரை ஒதுக்கிவையுங்கள். மூன்று வேளையாகக் குவித்துச் சாப்பிடாமல் ஆறு வேளையாகப் பிரியுங்கள். சாப்பிட்ட பிறகு, வெயில் தாழ்ந்த நேரத்தில் அரை மணி நடங்கள். ரமலான் வந்தால் கர்ப்பிணிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது; மருத்துவரைக் கேட்காமல் நோன்பு பிடிக்க வேண்டாம்.

இன்சுலின் எழுதினால் குளிர்பெட்டி இல்லையே என்று மறுத்துவிடாதீர்கள். புட்டியை நெகிழிப் பையில் நீர் புகாதபடி சுற்றி ஒரு சிறு மண்கலயத்தில் வைத்து, அந்தக் கலயத்தை ஈரமணல் நிரப்பிய பெரிய பானைக்குள் நிழலில் வையுங்கள். ஓலைக்கூரைக் குடிசையிலும் இது கைகொடுக்கும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருட்டல் வந்தால் சர்க்கரை தாழ்கிறது என்று பொருள். மூன்று தேக்கரண்டிச் சீனியையோ குளுக்கோஸையோ ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்துவிட்டு, பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் திரும்பவும் குடியுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, உதிரம் பட்டாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ அதே எண்தான்.

முன்பே நீரிழிவு இருந்து மூலிகையை நம்பி வாழும் பெண்கள் பிள்ளைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாள் தள்ளிய பிறகு வருவது அவர்களுக்குத் தாமதம். உறுப்புகள் உருவாகும் வாரங்கள் அதற்குள் கடந்துவிட்டிருக்கும்.

பிரசவத்துக்குப் பிறகு பொட்டலம் மறுபடியும் வீட்டுக்குள் வரும், கூடவே கருப்பட்டி போட்ட பிரசவ லேகியமும் வரும். பால் கொடுக்கும் காலம் வரை மேலே சொன்ன கட்டுப்பாடே தொடரட்டும். பெரும்பாலோருக்குப் பிள்ளை பிறந்ததும் சர்க்கரை இறங்கிவிடும். ஆனால் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம் என்பதால் ஆறாவது வாரத்தில் அதே 75 கிராம் சோதனையை ஒரு முறை செய்தாக வேண்டும். குழந்தைக்கு முதல் தவணை ஐந்து நோய்த் தடுப்பூசி போடுவதும் அதே ஆறாவது வாரத்தில்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தடுப்பூசிக்கு வரும் நாளில், "எனக்கும் சீனி பாக்கணும்" என்று கேட்டு, இரண்டு மணி நேரம் இருந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.